மீனுக்கு ஜாதகம் பார்த்த தம்பி

ஏன் தம்பி, கல்யாணத்துக்குத்தான் ஜாதகம் கேப்பாங்க. நீ மீனு வாங்கவும் கேட்டியாமே? அப்பன் யாரு, பாட்டன் யாரு, சயாம்ல எந்தப் பண்ணையில பொறந்தது, குடும்பத்துல யாரு எந்தப் போட்டியில ஜெயிச்சது, எல்லாம் அச்சடிச்சு ஒரு தாளு. கீழ முத்திரை வேற. எங்கப்பாரு சிவப்பு ஐசிய நீல ஐசியா மாத்த எத்தனை படி ஏறி இறங்குனாரு தெரியுமா? உன் மீனு பிளேன விட்டு இறங்கும்போதே பத்திரத்தோட இறங்கியிருக்கு. குடுத்து வச்ச மீனு.

வெல என்னன்னு நான் கேக்கல. உங்கம்மா சொல்லிட்டா. சொல்லும்போது தலையில அடிச்சுக்கிட்டா, அதுலயே ஏறக்குறைய கணக்கு தெரிஞ்சு போச்சு.

இப்ப அந்த ராஜகுமாரன் செவுள விரிக்க மாட்டேங்குறான். சீற மாட்டேங்குறான். கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்தா, பெரட்டுல பேரு கூப்பிட்டும் கேக்காதவன் கணக்கா நிக்கிறான். ஒடனே நீ என்ன சொல்ற? ரத்தம் கலப்படம், கடைக்காரன் ஏமாத்திட்டான், காசத் திருப்பிக் கேக்கணும். குதிக்காத. உக்காரு. தே போட்டு வச்சிருக்கேன், குடி.

மொதல்ல ஒன்னு சொல்லு. அந்தத் தாளுல அவன் அப்பன் ஜெயிச்சதெல்லாம் எழுதியிருக்கு. போன வாரம் இவன் தோத்தது எழுதியிருக்கா?

முழிக்கிற பாரு.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளந்தவன். லயத்துக்குப் பின்னால லோங்காங், அதுக்கு அந்தாண்ட பால்மரக்காடு. தண்ணி தேயிலைத் தண்ணி நெறத்துல கெடக்கும். புல்லுக்கு அடியில, எலைக்கு அடியில சோப்பு நொரை மாதிரி வெள்ளையா ஒரு கை அகலம் நொரை இருந்தா, கீழ ஆளு இருக்கான்னு அர்த்தம். ரெண்டு கையயும் சேத்து அடியில விட்டு அள்ளணும். தண்ணி வடிஞ்சதும் உள்ளங்கையில துள்ளும் பாரு, கருப்பு ஒடம்பு, செதிலுக்கு செதிலு பச்சையும் நீலமும், வாலோரத்துல செவப்பா ஒரு பிறை. மலாய்க்காரப் பசங்க ஈக்கான் லாகாம்பாங்க, சில பேரு ஈக்கான் காரின்பாங்க. நாங்க சண்டை மீனுன்னோம். மைலோ டின்னுல போட்டு வீட்டுக்குக் கொண்டு போவோம். வெல? நாலு கோலிக்குண்டு. தாளு கீளு ஒன்னும் கெடையாது.

அந்த மீனுக்கு 1975ல லாடிகெஸ்னு ஒரு ஜெர்மன்காரரு பெட்டா இம்பெல்லிஸ்னு பேரு வச்சாரு. நீ வாங்குனது சயாம் மீனு, பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ். ரெண்டும் ஒரே கூட்டத்துப் பங்காளிங்கதான். நம்ம ஊரு மீனு சாதுன்னு படிச்சவங்க தனியா ரகம் பிரிச்சு வச்சிருக்காங்களாம். சாதுவா? எங்க ஜாம் பாட்டிலுக்குள்ள ரெண்டு சாதுவ விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா. ஆனா ஒரு நியாயம் இருக்கு. லோங்காங்குல ரெண்டு ஆம்பள மீனு மொறச்சுக்கிட்டா, கொஞ்ச நேரம் செவுளு விரிக்கும், ஒரு கடி, ரெண்டு கடி, தோத்தவன் புல்லுக்குள்ள போயிடுவான். கதை முடிஞ்சுது. பாட்டிலுக்குள்ள எங்க போவான்? ஓட எடம் இல்லாத சண்டைதான் நீளும். அதப் பாத்துட்டு மீனோட கொணமே இதுதான்னு நீ எழுதி வச்சுக்கிற.

ரத்தம் ஒன்னும் இல்லேன்னு நான் சொல்ல வரல. சயாம்காரன் இந்த மீன வீட்டுல வளக்க ஆரம்பிச்சு ஆயிரம் வருசத்துக்குக் கொறையாதுன்னு 2022ல மரபணுவப் பிரிச்சுப் பாத்து சொன்னாங்க. பினாங்குல கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா இருந்தாரே, தியடோர் கேன்டர்னு ஒரு டென்மார்க்குக்காரரு, அவரு 1849ல மலாயா மீனுங்களப் பத்தி ஒரு பட்டியல் போட்டாரு. அதுல இந்தச் சயாம் கூத்தயும் எழுதியிருக்காரு. மீனு சண்டை விடுற லைசென்ச ராஜாவே ஏலம் விட்டாராம், கஜானாவுக்கு நல்ல வரும்படியாம். ஆளுங்க காசக் கட்டுவாங்களாம், காசு தீந்தா தன்னையே கட்டுவாங்களாம், குடும்பத்தயும் சேத்துக் கட்டுவாங்களாம். அத்தனை தலைமொறையா ஜெயிச்ச மீனையே பாத்துப் பாத்து வளத்தா, காட்டு மீன விட இது சூடாத்தான் இருக்கும். அது சரி. 2019ல தாய்லாந்து அரசாங்கம் இதத் தேசிய நீர்வாழ் பிராணின்னே அறிவிச்சிருச்சு. அதுவும் சரி. ஆனா தேசிய மீனும் நேத்து ஒத வாங்கியிருந்தா இன்னிக்கு ஒதுங்கித்தான் நிக்கும்.

இதத்தான் உன் தாளு சொல்லாது.

லோரன்ஸ்னு ஒரு பெரியவரு இருந்தாரு, 1973ல நோபல் பரிசு வாங்குனவரு. சண்டைக் கொணம் உள்ளுக்குள்ள ஊறிக்கிட்டே இருக்கும், ரொம்பிடுச்சுன்னா எங்கயாவது கொட்டியே ஆகணும்னாரு. எங்க மண்டோரும் அதையேதான் சொல்லுவாரு, பொண்டாட்டிய அடிச்சுட்டு வந்து. பெரியவரு பேச்சுல பாதி நெசம் இருக்கலாம். மத்த பாதிய மீனே சொல்லும், கேக்க ஆளு வேணும்.

உன் கண்ணாடி விசயத்துக்கு வருவோம். தொட்டி ஓரத்துல டேப்பு போட்டு ஒட்டி வச்சிருக்க. பயிற்சியாமே? காலையில கண்ணு முழிச்சா எதிரி. பசியாறுனா எதிரி. லைட்ட அணைக்கிற வரைக்கும் எதிரி. அந்த எதிரியும் என்னா எதிரி? இவன் செவுளு விரிச்சா அவனும் விரிக்கிறான். இவன் முட்டுனா அவனும் அதே எடத்துல முட்டுறான். பின்வாங்க மாட்டான், ஜெயிக்கவும் மாட்டான். எத்தன நாளைக்குடா சண்டை போடுவான்?

என் பேத்தி பினாங்குல படிக்கிறா. இந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் அவதான் எனக்கு வாசிச்சுச் சொல்லுவா, நான் வெத்தலைய மடிச்சுக்கிட்டே கேப்பேன். 1963ல அமெரிக்காவுல தாம்சன்னு ஒருத்தரு, கண்ணாடியக் காட்டுறதையே கூலியா வச்சு இந்த மீனுக்கு வேலை கத்துக் குடுத்தாராம். தீனிக்கு இல்ல தம்பி, தன் மூஞ்சியப் பாத்துச் சீறுற சொகத்துக்காக வேலை செஞ்சிருக்கு. எனக்கு ஆச்சரியமே இல்ல. எங்க லயத்துலயும் சம்பளம் வாங்காம சண்டைக்குன்னே வர்ற ஆளுங்க இருந்தாங்க. அப்புறம் 1968ல கிளேட்டன், ஹைண்ட்னு கேம்பிரிட்ஜ் ஆளுங்க ரெண்டு பேரு, கண்ணாடிய நீளமா காட்டிக்கிட்டே இருந்தா என்னா ஆகும்னு பாத்தாங்க. சீறல் கொறஞ்சுக்கிட்டே போச்சு. கண்ணாடிய எடுத்துட்டுச் சும்மா விட்டா பழையபடி திரும்புச்சு. அவ்வளவுதான் உன் ராஜகுமாரனோட வியாதி. சலிச்சுப் போயிட்டான். அவனுக்கு மருந்து கடையில விக்குமான்னு கேட்டியாமே?

அடுத்தது, பக்கத்துப் பக்கத்துல ஆறு ஏழு பாட்டில அடுக்கி வச்சிருக்க. நடுவுல ஒரு அட்டை இல்ல. அழகா இருக்குன்னு படம் புடிச்சுப் போட்ட. நாங்க ஏன் பாட்டிலுக்கு நடுவுல மில்க் மெயிட் பொட்டி அட்டையக் கிழிச்சுச் சொருகுனோம்னு நெனைக்கிற? மீனு வேவு பாக்கும். 1998ல ஒலிவைரா, மெக்ரிகர், லத்ருஃப்னு மூணு பேரு இதச் சோதிச்சாங்க. ரெண்டு மீனு மோதுறத மூணாவது மீனுக்குக் காட்டுனாங்க. அப்புறம் ஜெயிச்சவன ஒரு தடவ, தோத்தவன ஒரு தடவ அதுக்கு எதிர்ல கொண்டாந்தாங்க. தோத்தவன்கிட்ட சட்டுன்னு போச்சு. ஜெயிச்சவன்கிட்ட யோசிச்சு யோசிச்சுப் போச்சு. சண்டையப் பாக்காத மீனுக்கு ரெண்டு பேரும் ஒன்னுதான். அதாவது, தான் ஒரு அடியும் வாங்காம, அடுத்தவன் வாங்குனதப் பாத்தே பாடம் படிச்சிருக்கு. நாலு வருசம் காலேஜுல படிச்ச உனக்கு இன்னும் அது வரல, மோட்டார விக்கிறேன்னு வந்தவன்கிட்ட உன் அண்ணன் ஏமாந்த அதே எடத்துல நீயும் போயி ஏமாந்த.

சரி சரி, மொகத்தத் தூக்காத. தே ஆறுது.

பாக்குறவன் மட்டும் இல்ல, பாக்கப்படுறவனும் மாறுவான். எங்க தோட்டத்துல ஒரு மீசைக்காரரு. சம்பள நாளு சாயங்காலம் ஆச்சுன்னா யாரோட சட்டையாவது புடிக்காம தூக்கம் வராது. குழாயடிக்கிட்ட பொம்பளைங்க கொடத்தோட நிக்கும்போது சண்டை வந்தா பாக்கணுமே! கைலிய மடிச்சுக் கட்டுவாரு. அவுத்துட்டு மறுபடியும் கட்டுவாரு. தொடையத் தட்டுவாரு. மீசை ரெண்டு தடவ மேல போகும். விடுங்கடா என்னயம்பாரு, புடிச்சிருக்கவன் யாரும் இருக்க மாட்டான். அடி மட்டும் விழாது. அதே ஆளு கள்ளுக்கடை பின்னால, ஆம்பளைங்க மட்டும் இருக்கும்போது, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நேரா பல்லுதான்.

அவரு போயி சேந்து எவ்வளவோ காலத்துக்கு அப்புறம், 2001ல, இதே மீன வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ரெண்டு ஆம்பள மீனு மொறச்சுக்கும்போது ஒரு பொட்ட மீனு பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னா, செவுளு விரிக்கிறதும் வால வீசுறதும் கூடுது, கடி கொறையுதுன்னு கண்டாங்க. பேத்தி வாசிச்சப்ப எனக்குச் சிரிப்பு அடங்கல. ஏன் தாத்தா சிரிக்கிறீங்கன்னா. நம்ம குழாயடிய லேபாரட்டரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்கடி, அதான்னேன். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. இங்க கூத்தாடியே மீனுதான்.

இப்ப ஈப்போவுல ஓட்டலு மண்டபத்துல உன்னையக் கொண்டு போயி உக்கார வச்சாங்களே, அந்த முகாமு, அத நெனச்சுப் பாரு. நூறு பேரு எழுந்து நின்னு, நான் வெற்றியாளன், நான் வெற்றியாளன்னு கத்துனீங்க. டி-சர்ட்டு வேற குடுத்தாங்க. நல்ல துணி, உங்கப்பாரு அதப் போட்டுக்கிட்டுத்தான் மோட்டாரு கழுவுறாரு. கத்துனா வர்ற சமாச்சாரமா அது? நாங்க என்னா செய்வோம் தெரியுமா? புது மீனு வந்தா மொதல்ல ஒரு சின்னப் பயல எதிர்ல விடுவோம். ஜெயிப்பான். அடுத்த நாளு கொஞ்சம் பெரியவன். நெசமா ஜெயிச்ச மீனு அடுத்த சண்டைக்குத் தானா முந்தும். இத மீனுல, பூச்சியில, பறவையில எல்லாத்துலயும் பாத்து எழுதியிருக்காங்க. ஆனா அதே புஸ்தகத்துல இன்னொன்னும் இருக்கு, அத உன் முகாமுக்காரன் சொல்ல மாட்டான். ஜெயிச்ச தெம்பு சீக்கிரம் எறங்கிடும். தோத்த பயம் பெரும்பாலும் அத விட நாளு நிக்கும்.

தோத்த மீன நாங்க தூக்கிப் போட மாட்டோம். பாட்டில இருட்டு மூலையில வச்சு, சுத்திலும் நியூஸ் பேப்பரச் சுத்தி, கெத்தாப்பாங் மரத்துக் காஞ்ச எலை ஒன்னப் போட்டு விட்டுருவோம். யாரும் பாக்கக் கூடாது, யாரும் தட்டக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மூடியத் தொறந்து நாலு கொசுப்புழு, அவ்வளவுதான். கொஞ்ச நாளுல சாயம் திரும்பும், துடுப்பு விரியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு மனுசனுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. மீனு அந்தப் பழமொழியக் கேட்டதில்ல போலருக்கு. உன் கடைக்காரன்கிட்ட கேட்டுப் பாரு, இவன் கண்ணாடிக் கூண்டுல நிக்கும்போது எதிர்க் கூண்டுல யாரு நின்னான்னு. பதில் வராது. அவனுக்குத் தாளு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு கூத்து இருக்கு, இத மட்டும் நல்லா கேளு. ரெண்டு மீனு வாய வாயக் கவ்விக்கிட்டு நிக்கும், பாத்திருப்ப. விட மாட்டானுங்க. ஆனா சில நிமிசத்துக்கு ஒருக்கா விட்டுட்டு மேல வந்து ஒரு வாய் காத்து குடிப்பானுங்க. இவனுங்களுக்குச் செவுளு மட்டும் பத்தாது, மேக்காத்து வாங்குறதுக்குத் தலைக்குள்ள தனி உறுப்பு ஒன்னு இருக்கு. அதனாலதான் எங்க லோங்காங்கு அழுக்குத் தண்ணியிலயும் உசுரோட கெடந்தான். 2020ல ஒக்காடான்னு ஒரு ஜப்பான்காரரு கூட்டம், சண்டை போட்ட சோடிங்களோட மூளைய எடுத்துப் பாத்துச்சு. இருவது நிமிசம் மோதுன சோடிய விட ஒரு மணி நேரம் மோதுன சோடிக்கு மூளைக்குள்ள மரபணு வேலை செய்யுற விதமே ஒத்துப் போயிருந்துச்சாம். யாரோட மோதுனானோ அவனப் போலவே ஆயிட்டான்.

நம்ம தாமான்ல மூணாவது வரிசையில ரெண்டு வீடு. காரு நிறுத்துற தகராறு. இவரு கேமரா மாட்டுனா அவரும் மாட்டுனாரு. அவரு பூந்தொட்டிய ரோட்டுல வச்சா இவரும் வச்சாரு. இவரு கேட்டுக்குப் பச்சை பெயிண்டு அடிச்சாரு, அடுத்த மாசம் அவரு கேட்டும் பச்சை. இப்ப தபால்காரரே மாத்திப் போடுறாரு. ஜப்பான்காரரு நம்ம வரிசைக்கு வந்திருந்தா மீனக் கொல்லாமலே எழுதியிருப்பாரு.

பந்தயம் கட்டுற நெனப்பு இருந்தா இப்பவே மறந்துடு. 2015ல விலங்கு நலச் சட்டம் போட்டுட்டாங்க, உசுருங்கள மோத விட்டு வேடிக்கை பாத்தா கேசுதான். அத விடு. எனக்கு வயசாயிடுச்சு, இப்ப அந்தச் சண்டையில ருசியும் இல்ல.

நான் சொல்றபடி செய்யி. கண்ணாடியப் பிரிச்சு எடு. பாட்டிலுக்கு நடுவுல அட்டை வை. அந்த நீல லைட்டு, பம்பு, தண்ணிய ஆட்டுற மெசினு எல்லாத்தையும் நிறுத்து, அவன் நிக்கிற தண்ணியில பொறந்தவன். பெரிய வாயுள்ள சட்டியில விடு, மேல மூடி போடு, காத்துக்கு எடம் விடு. எலை ஒன்னு போடு. கடையில டின்னுல விக்கிற தீனிய விட, உன் வீட்டுப் பின்னால பழைய டயருல வளருது பாரு கொசுப்புழு, அது ஒசத்தி. சுகாதார இலாகாக்காரங்க வந்து பாக்குறதுக்கு முன்னாடி உன் மீனு பாக்கட்டும், தண்டத்துக்குத் தண்டமும் மிச்சம்.

ஒரு நாளு காலையில தண்ணி மேல நொரை கட்டியிருப்பான். ஆம்பள மீனுதான் கட்டும், அது தெரியுமா உனக்கு? பொட்ட முட்டை விட்டதும் அவளத் தொரத்திட்டு, கீழ விழுற முட்டைய ஒவ்வொன்னா வாயில எடுத்து நொரைக்குள்ள சொருகுவான். குஞ்சு பொரியுற வரைக்கும் காவல். அப்ப வெரல நீட்டிப் பாரு, தாளுல இல்லாத சண்டையெல்லாம் வரும். காக்குறதுக்கு ஒன்னு இருக்கவன் மொறைக்கிற மொறைப்பே வேற.

மலையடிவார ஓடையில இவன் பங்காளி ஒருத்தன் இருக்கான், பெட்டா பக்னாக்ஸ். பழுப்பு நெறம், பாத்தா ஒன்னும் தெரியாது, கடையில வச்சா நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்ட. அவன் நொரை கட்டுறது இல்ல. முட்டைய வாயிலயே வச்சுக்குவான், பொரிஞ்சு குஞ்சு நீந்துற வரைக்கும். ஆம்பளதான். சாப்பாடு இல்ல, சண்டை இல்ல. வாயத் தொறந்தா குடும்பம் வெளிய விழுந்துடும்ல?

அவனப் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம வெள்ளன வா. உலு கிந்தா பக்கம் ஓடை ஒன்னு தெரியும். வலை வேணாம், சும்மா குந்திப் பாக்கத்தான் போறோம். தாளக் கேட்டா அவன் தர மாட்டான், முன்னாடியே சொல்லிட்டேன். மோட்டாருக்கு எண்ணெய் நீ போட்டுரு. போற வழியில புந்தோங்குல கச்சான் பூத்தே நான் வாங்கித் தர்றேன்.